குடும்ப உளச்சிகிச்சை: குமரி மாவட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல், குலசேகரம் என்று மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் ஆலோசனைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, அவற்றுக்கு விடை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டாக வரும் வீடுகள் எவையும் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தைச் சுட்டுபவை அல்ல. பல வீடுகளில் பொதுவாகக் காணப்படுவதை ஒரு வீட்டின் கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

குடும்ப உளச்சிகிச்சை என்றால் என்ன? ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஒரு வீட்டில் உள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் விதம், பேசாமல் விலகிக்கொள்ளும் விதம், முடிவெடுக்கும் விதம் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற ஒருவரின் முன்னிலையில் ஒன்றாக அமர்ந்து பார்த்து, அவற்றில் நோவு தருவதைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வதே குடும்ப உளச்சிகிச்சை. "கவுன்சிலிங்" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இதுவும் ஒரு வகை. ஆனால் இங்கே ஆலோசனை பெறுபவர் தனி ஒருவராக இல்லாமல் குடும்பமாக இருக்கிறது.

நம் மாவட்டத்தில் ஒரு வீட்டுச் சண்டை வாசலைத் தாண்டினால் முதலில் போய்ச் சேரும் இடம் தாய்மாமனின் வீடாகவோ, ஊர் கமிட்டியாகவோ, பங்குத்தந்தையின் இல்லமாகவோ, போதகரிடமோ, ஜமாஅத்திடமோ இருக்கும். இரு தரப்பாரும் வந்து அமர்வார்கள். யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்று பேசப்படும். நகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தனிக்குடித்தனம் வைக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஏதேனும் ஒரு முடிவு சொல்லப்படும். அந்த ஏற்பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகாமல் எத்தனையோ குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால், தீர்ப்பு என்று ஒன்று சொல்லப்பட்ட உடனே வென்றவர் ஒருவரும் தோற்றவர் ஒருவரும் உண்டாகிவிடுகிறார்கள்; அந்த இருவரும் அன்று மாலையே ஒரே சமையலறைக்குத் திரும்பிப் போக வேண்டியவர்கள். தோற்றவரின் மனத்தில் அது ஆறுவதில்லை. அடுத்த கோயில் கொடைவிழாவுக்கோ கிறிஸ்துமஸுக்கோ சொந்தங்கள் கூடும்போது அதே சண்டை வேறொரு காரணத்தோடு திரும்பி வரும்.

சிகிச்சையாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தச் சண்டை ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் தொடங்குகிறது, யார் எதைச் சொன்னதும் யார் எழுந்து போகிறார், போன பிறகு யார் யாரிடம் போய்ப் புலம்புகிறார் என்று அதன் நடையைப் பிடித்துக் காட்டுவதுதான் அவருடைய வேலை. "எங்கள் இருவரில் யார் சரி என்று சொல்லுங்கள்" என்று கேட்டு வருபவர்களுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் ஒருவரிடம்தானே இருக்கிறது? எல்லோரும் ஏன் வர வேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் இதற்கே அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் பையனுக்குத் திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி வருகிறது. மருத்துவர் பார்த்துவிட்டு உடலில் குறை ஒன்றும் இல்லை என்கிறார். பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்று அப்பா திட்டுகிறார். திட்டாதீர்கள் என்று அம்மா தடுக்கிறார். விசாரித்துப் பார்த்தால், அப்பாவும் அம்மாவும் பல மாதங்களாகத் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்வதே இல்லை. "மக்களே, அப்பாட்ட சொல்லு, கரண்ட் பில்லு கட்டணும்" என்று எல்லாமே அவன் வழியாகத்தான் போய்வருகிறது. அவனுக்கு வயிறு வலிக்கும் நாளில் மட்டும் இருவரும் ஒன்றாக ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பையன் நடிக்கவில்லை, வலி உண்மையான வலிதான். ஆனால் அந்த வலிக்கு அந்த வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. பையனை மட்டும் தனியே உட்காரவைத்து எத்தனை மாதம் பேசினாலும் அந்த வேலையிலிருந்து அவனுக்கு விடுப்புக் கிடைக்காது. பெற்றோர் இருவரும் கரண்ட் பில்லைப் பற்றித் தங்களுக்குள் பேசத் தொடங்க வேண்டும்.

இதனால்தான், நோயாளி என்று குடும்பம் சுட்டிக்காட்டுபவரை நாங்கள் சிக்கலின் முழு இருப்பிடமாக எடுத்துக்கொள்வதில்லை. மனிதர்களுக்கு இடையே உள்ள அமைப்பிலேயே துயரம் குடியிருக்கக்கூடும். இந்த உண்மை நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. இங்கே வேளாளர் குடும்பங்களில் மருமக்கள்வழி நடைமுறையில் இருந்த காலத்தில், காரணவர் எனப்பட்ட குடும்பத் தலைவரின் சொத்து அவருடைய சகோதரியின் மக்களுக்குப் போனது. கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளைகளும் அவருடைய நிழலில் உரிமை குன்றியவர்களாக வாழ்ந்தார்கள். அந்த வீடுகளின் கண்ணீரைத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பாடலாகவே எழுதினார். அந்த வீடுகளில் மனைவிக்கும் சகோதரி மகனான மருமகனுக்கும் நடந்த சண்டைகளுக்கு அவர்கள் எல்லோரும் கெட்டவர்களாக இருந்ததா காரணம்? முறை அவர்களை எதிரெதிரே நிறுத்தியிருந்தது. 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கான சட்டத்தைக் கொண்டுவந்து முறையை மாற்றிய பிறகுதான் அந்தச் சண்டையின் வேர் அறுந்தது. வீட்டுக்குள் எழுதப்படாத முறைகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. அவற்றை மாற்ற, அவற்றுக்கு உட்பட்ட எல்லோரும் ஒரு முறையாவது அந்த அறைக்குள் வர வேண்டும்.

இது வெளிநாட்டு முறைதானே? நம் வீடுகளுக்குப் பொருந்துமா?

முறைப்படியான கோட்பாடாக இது வளர்ந்தது பெரும்பாலும் 1950-களுக்குப் பின் அமெரிக்காவில்தான். மர்ரி போவன் என்ற மனநல மருத்துவர் 1954-லிருந்து சில ஆண்டுகள், மனச்சிதைவு நோயாளிகளை அவர்களுடைய குடும்பத்தாரோடு மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனித்தார். நியூயார்க்கில் ஏழை வீடுகளைச் சேர்ந்த சிறுவர்களோடு வேலை செய்த சால்வடோர் மினுச்சின், வீட்டில் யார் யாருக்கு மேல், யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார், எந்த எல்லை கலங்கிக் கிடக்கிறது என்று பார்க்கும் முறையை உருவாக்கினார். வர்ஜீனியா சத்தீர் என்ற அம்மையார், ஒருவர் பழிக்கப்படும்போது மற்றவர் எந்த முகத்தை அணிந்துகொள்கிறார் என்பதைக் கூர்ந்து கவனித்தார்.

நம் நாட்டிலும் அதே காலத்தில் இதற்கு இணையான வேலை நடந்தது என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் 1950-களில் வளாகத்துக்குள்ளேயே கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு அவர்களுடைய உறவினர்களையும் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957-ல் தொடங்கிய காலத்திலிருந்தே குடும்பத்தார் ஒருவர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாக வைத்திருக்கிறது. நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வருவது நம்மவர்களுக்குப் பழக்கமில்லை என்பதையே அவர்கள் பலமாக மாற்றிக்கொண்டார்கள்.

பொருத்தம் பார்க்க வேண்டிய இடமும் உண்டு. பதினெட்டு வயதானவர் வீட்டை விட்டுத் தனியே வாழ்வதுதான் முதிர்ச்சி என்று சொல்லும் சில பழைய பாடங்களை நம் வீடுகளில் அப்படியே பின்பற்ற முடியாது. முப்பது வயது மகன் தாயோடு ஒரே வீட்டில் வாழ்வது நோயின் அடையாளம் அன்று. அந்த மகன் தன் மனைவியோடு எடுத்த ஒரு முடிவைத் தாயிடம் சொல்ல அஞ்சுகிறானா என்பதே கேட்கப்பட வேண்டியது.

முதல் அமர்வில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். வந்திருக்கும் ஒவ்வொருவரும், சிறு பிள்ளை உட்பட, தாங்கள் ஏன் வந்திருப்பதாக நினைக்கிறார்கள் என்று தம் சொற்களில் சொல்லக் கேட்கப்படும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் இருப்பது மட்டுமே அன்றைய விதி. சில வீடுகளில், மனைவி மூன்று நிமிடம் தடையின்றிப் பேசுவதைக் கணவர் முதன்முறையாகக் கேட்பது அந்த அறையில்தான்.

பிறகு ஒரு குடும்ப வரைபடம் வரையப்படும். ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் இட்டு, மூன்று தலைமுறைகளைக் கோடுகளால் இணைத்து, யார் யாரோடு நெருக்கம், யார் யாரோடு பேச்சு இல்லை, யார் எந்த ஆண்டில் இறந்தார், யார் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனார் என்றெல்லாம் குறிப்போம். வரையும்போதே சில செய்திகள் கண்முன் வந்து நிற்கும். தாத்தாவும் அவருடைய தம்பியும் விளையில் ஒரு வரப்புக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். அப்பாவும் சித்தப்பாவும் வீட்டுப் பங்குக்காக நிறுத்தினார்கள். இப்போது அண்ணனும் தங்கையும் நகைக்காக நிறுத்தியிருக்கிறார்கள். மனவருத்தம் வந்தால் பேச்சை அறுத்துக்கொள்வதுதான் இந்த வீட்டின் வழக்கம் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் கற்றிருக்கிறார்கள். அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருக்கும் அப்பாக்களை நான் கண்டிருக்கிறேன்.

கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். அல்லது ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறார். அவர் இல்லாமல் எப்படி?

குமரி மாவட்டத்துக்கே உரிய கேள்வி இது. தூத்தூர் பகுதி ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில், சில வேளைகளில் ஒரு மாதத்துக்கும் மேலாக, கரைக்கு வருவதில்லை. வளைகுடாவுக்குப் போனவர்கள் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒரு முறை விடுப்பில் வருகிறார்கள். செவிலியர் பணிக்காக மனைவி வெளிநாடு சென்று, கணவர் பிள்ளைகளோடு இங்கே இருக்கும் வீடுகளும் உண்டு.

பிரிவு காலத்தில்தான் சிக்கல் வரும் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். என் கருத்தில், திரும்பி வரும் நாள்களே கூடுதல் கடினமானவை. அவர் இல்லாத பதினொரு மாதமும் பள்ளிக் கட்டணம், வங்கிக் கடன், மாமியாரின் மருந்து, வீட்டின் கான்கிரீட் வேலை என்று எல்லாவற்றையும் மனைவி தனியே தீர்மானித்திருக்கிறார். வந்த மறுநாளே அவர், "இதை யாரைக் கேட்டுச் செய்தாய்?" என்று தொடங்குகிறார். அவர் பக்கமிருந்து பார்த்தால், தான் அனுப்பிய பணத்தில் நடக்கும் வீட்டில் தனக்கு ஓர் இடமே இல்லை. பிள்ளை கையெழுத்துக்குக்கூட அம்மாவிடம்தான் போகிறது. மனைவி பக்கமிருந்து பார்த்தால், ஓர் ஆண்டு உழைப்புக்குக் கிடைத்தது கணக்கு விசாரணை. விடுப்பு முப்பது நாள் என்றால், அதில் இருபது நாள் இந்தப் போரிலேயே கழிகிறது. மீதி நாள்கள் விமான நிலையத்துக்குப் புறப்படும் அழுகையில் போகின்றன.

அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே காணொளி அழைப்பு வழியாக இருவரோடும் ஓர் அமர்வு வைத்துக்கொள்வது நல்ல பலன் தரும். வந்த முதல் வாரத்தில் எந்தப் பொறுப்பையும் கைமாற்றாமல் இருப்பது, அவருக்கென்று ஒரு வேலையை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது, பணக் கணக்கைப் பேச ஒரு தனி நேரம் குறிப்பது என்று மிக எளிய ஏற்பாடுகள்தான் பேசப்படும். ஆழ்கடல் தொழிலாளர்களுக்கு, கரையில் இருக்கும் சில நாள்களுக்குள்ளும் மீன்பிடித் தடைக்காலத்திலும் அமர்வுகளை அடுத்தடுத்து வைக்கலாம். அந்த நாள்களில் வேறு எந்த வேலையையும் ஒத்திவைக்கலாம் என்பது என் வேண்டுகோள்.

மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. கணவரோ நடுவில் நின்று ஒன்றும் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?

இருவருக்கு இடையே உள்ள இறுக்கம் தாங்க முடியாததாகும்போது மூன்றாவது ஒருவரை உள்ளே இழுப்பது மனித இயல்பு. போவன் இதை முக்கோணம் என்றார். மகனுக்கும் தாய்க்கும் இடையே பேசப்படாமல் கிடக்கும் ஒன்று, மாமியார்–மருமகள் சண்டையாக வெளியே வருவது அதில் ஒரு வகை. திருமணத்துக்குப் பின் மகன் தன்னோடு உட்கார்ந்து பேசுவதே இல்லை என்ற தாயின் வருத்தம், "மருமகளுக்கு மீன்குழம்பு வைக்கத் தெரியவில்லை" என்ற சொல்லாக வந்து விழுகிறது. மகன் அமைதியாக இருப்பதால் இருவரும் அவன் மற்றவர் பக்கம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

அமர்வில் மகனும் தாயும் நேருக்கு நேர் பேச வைக்கப்படுவார்கள். மருமகள் அப்போது கேட்டுக்கொண்டிருப்பார். "அம்மா, மாலையில் வந்ததும் கால் மணி நேரம் உங்களோடு இருப்பேன், ஆனால் வீட்டுச் செலவை நானும் அவளும் பேசி முடிவெடுப்போம்" என்பதுபோல ஒரே வாக்கியத்தில் பாசமும் எல்லையும் சேர்ந்து வரும்போது சண்டையின் சூடு பெரும்பாலும் இறங்கிவிடும்.

நகையையும் வரதட்சணையையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் திருமணத்தின்போது பேசிய பவுனும் ரொக்கமும் பல ஆண்டுகளுக்குப் பிறகும் வீட்டுக்குள் குத்திக்காட்டுதலாக வாழ்கின்றன. வரதட்சணை கேட்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதை "உறவுச் சிக்கல்" என்ற பெயரில் ஆலோசனை அறைக்குள் கொண்டுவந்து, இரு பக்கமும் விட்டுக்கொடுங்கள் என்று பேசும் ஆலோசகரை நான் ஏற்கமாட்டேன்.

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இதற்கும் சிகிச்சை உண்டா?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்துபோன பிறகு, நம் கடற்கரை ஊர்களில் பல வீடுகள் இந்த நிலையில் விடப்பட்டன. இறந்தார் என்று அழ உடல் இல்லை. இருக்கிறார் என்று நம்பச் செய்தி இல்லை. இத்தகைய இழப்பைப் பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தனி வகையாகவே பிரித்து, தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். இங்கே துக்கம் முடியாமல் நிற்பது நோயன்று; நிலைமையே முடிவில்லாதது.

ஒரே வீட்டில், தாய் தினமும் அவருக்கும் சேர்த்துச் சோறு எடுத்து வைப்பார். மனைவி பிள்ளைகளின் படிப்புக்காக நிவாரணத் தொகையை வாங்க இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுத்திருப்பார். தாய்க்கு அது மகனைக் கொன்றதுபோல் தோன்றும். இருவரும் ஒரே மனிதருக்காக வருந்துகிறார்கள் என்பதை அவர்களே மறந்திருப்பார்கள். இங்கே யாரையும் "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று வற்புறுத்துவதில்லை. ஒருவர் நம்பிக்கையோடும் மற்றவர் துக்கத்தோடும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம் என்று இடம் உண்டாக்குவதே முதல் வேலை. அவருக்காக ஆண்டுதோறும் திருப்பலி ஒப்புக்கொடுப்பதா, எந்த நாளில், அவருடைய வலையையும் சட்டையையும் என்ன செய்வது, மூத்த மகன் இனி கடலுக்குப் போகலாமா என்று ஒவ்வொன்றாக, எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். ஒரே ஊரில் இழந்த பல குடும்பங்களைச் சேர்த்து உட்காரவைப்பது தனிக்குடும்ப அமர்வைவிடச் சில வேளைகளில் நன்றாகப் பயன் தருகிறது. பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து நடத்தும் அன்பியக் கூட்டங்கள் வழியாக அது எளிதும்கூட.

வீட்டில் ஒருவருக்கு மனநோய் இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறார். குடும்பம் என்ன செய்ய முடியும்?

மருந்தை நிறுத்தாதீர்கள்; குடும்பச் சிகிச்சை மருந்துக்கு மாற்றாகாது. 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வெளியேறியவர்களில் பெற்றோரிடமோ துணையிடமோ திரும்பியவர்கள், விடுதி அறைகளில் தங்கியவர்களைவிட அதிகமாக மீண்டும் நோயுற்றதைக் கண்டு திகைத்தார். தொடர்ந்து ஆராய்ந்தபோது, வீட்டில் ஓயாத குறைகூறலும் பகைமையும், கையைக்கூட அசைக்கவிடாத அளவுக்கு மீறிய கவனிப்பும் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுகிறது என்று தெரியவந்தது. பாசமே இல்லாததால் மட்டும் இது நடப்பதில்லை. பாசம் தவறான வழியில் பாய்வதாலும் நடக்கிறது. "சோம்பேறி, பகலெல்லாம் தூங்குகிறான்" என்று அப்பா சொல்வது, அந்தத் தூக்கம் நோயினாலோ மருந்தினாலோ வருகிறது என்று தெரிந்ததும் தானே குறைகிறது. நோயைப் பற்றிய விளக்கத்தோடு குடும்பத்துக்குத் தரும் பயிற்சி, நோய் திரும்புவதைக் குறைக்கிறது என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உறுதியான முடிவு.

குடிப்பவர் வர மறுக்கிறார். அவர் இல்லாமல் தொடங்கலாமா?

தொடங்கலாம். குடிப்பவரின் மனைவியோ பெற்றோரோ மட்டும் பயிற்சி பெற்று, அவரைச் சிகிச்சைக்கு வரவழைக்கும் முறை ஒன்றை ராபர்ட் மேயர்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் உருவாக்கியிருக்கிறார்கள். குடித்திருக்கும் வேளையில் வாதம் செய்யாமல் இருப்பது, குடிக்காத வேளையில் அன்பாகப் பேசி அந்த நேரத்தை இனிமையாக்குவது, குடியால் வரும் இடர்களை அவருக்காக மூடி மறைக்காமல் விடுவது ஆகியவை அதன் உயிர். அதிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகவேண்டியவர் போதையில் எழாவிட்டால் மனைவியே போய் வெட்டிவிட்டு, "அவருக்குக் காய்ச்சல்" என்று முதலாளியிடம் சொல்லும் பழக்கத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் பசிக்காகச் செய்யும் அந்த அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் பொய் சொல்வதை மட்டுமாவது அவர் நிறுத்தலாம்.

நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். நிறுத்துவது மருத்துவரின் கண்காணிப்பில் நடக்க வேண்டும்.

அடி உதை நடக்கும் வீட்டிலும் கூட்டு அமர்வு நடத்தலாமா?

கூடாது. அடிபடுபவர் அந்த அறையில் உண்மையைச் சொன்னால் அன்றிரவு வீட்டில் அதற்குரிய தண்டனை காத்திருக்கும். முதலில் பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பாதுகாப்பு அலுவலர் வழியாகத் தங்கும் உரிமையையும் பாதுகாப்பு ஆணையையும் கேட்கலாம். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப்போ" என்று சொல்லும் ஆலோசனை, யார் சொன்னாலும், ஆலோசனையன்று. முதியோரை அடிப்பதும் பட்டினி போடுவதும் இதில் அடங்கும். அவர்களுக்கான எண் 14567.

நாங்கள் சொல்வது வெளியே தெரியுமா? எங்கள் ஊரில் எல்லோரும் சொந்தக்காரர்கள்.

அச்சம் நியாயமானது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊர்களில் ஒரு பெண் ஆலோசகரிடம் போனாள் என்பதே திருமணப் பேச்சில் குறுக்கே வருவதை நான் அறிவேன். மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்குத் தம் விவரங்கள் வெளியே போகாமல் இருக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உறுதிப்படுத்துகிறது. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் எல்லாக் குடும்பங்களுக்கும் அதே நெறியைப் பின்பற்றுவார்கள். விலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து இருந்தால் உரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தனியே தொலைபேசியில் ஒருவர் சொல்லும் இரகசியத்தைக் கூட்டு அமர்வில் என்ன செய்வது என்பதை முதல் நாளிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தேவையானால் பக்கத்து ஊர் ஆலோசகரைத் தேர்ந்தெடுங்கள். தக்கலைக்காரர் நாகர்கோவிலுக்குப் போவதில் தவறில்லை.

எங்கே போவது? எவ்வளவு செலவாகும்?

ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2022-ல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். மருத்துவமனை வரை போகத் தயங்குபவர்களுக்கு அது நல்ல முதற்படி. தனியார் ஆலோசகரிடம் போவதானால் பெயர்ப்பலகையை நம்பாமல் படிப்பைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். மனநலச் சமூகப்பணியில் முறையாகப் பயின்றவர்களும் இந்த வேலையை நன்றாகச் செய்கிறார்கள். குடும்பங்களோடு எத்தனை ஆண்டுகள் வேலை செய்திருக்கிறீர்கள், ஓர் அமர்வுக்கு எவ்வளவு என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. பல குடும்பங்களுக்குப் பத்து, பன்னிரண்டு அமர்வுகள் போதுமானவை. முதலில் வாரம் ஒன்று, பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று.

பலன் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சண்டையே இல்லாத வீட்டை எதிர்பார்க்காதீர்கள். தம்பதியரை நெடுங்காலம் ஆய்வுக்கூடத்தில் கவனித்த ஜான் காட்மன், அவர்களுடைய கருத்து வேறுபாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஒருபோதும் தீராதவை என்றும், நன்றாக வாழ்பவர்களுக்கும் அப்படித்தான் என்றும் கண்டார். பார்க்க வேண்டியவை வேறு. சண்டைக்குப் பிறகு பேச்சுத் திரும்ப முன்பு ஒரு வாரம் ஆனது. இப்போது ஓர் இரவு ஆகிறதா? கரண்ட் பில்லைப் பற்றி அப்பாவும் அம்மாவும் நேராகப் பேசுகிறார்களா? ஐந்தாறு அமர்வுகளுக்குப் பிறகும் இப்படி ஒன்றுமே நகரவில்லை என்றால் அதை ஆலோசகரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முறையை மாற்றவோ வேறொருவரிடம் அனுப்பவோ அவர் கடமைப்பட்டவர்.

வீட்டில் உள்ளவர்களை எப்படி அழைப்பது? "பைத்தியமா எனக்கு?" என்று கேட்கிறார்கள்.

"உங்களைத் திருத்தக் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்ற பொருள் வரும் எந்தச் சொல்லும் வேண்டாம். சண்டை நடந்த அன்று கேட்க வேண்டாம். சாப்பிட்டு முடித்து எல்லோரும் முற்றத்திலோ திண்ணையிலோ இருக்கும் வேளையில், "இந்த வீட்டில் எனக்குச் சில நாளாக மனம் சரியில்லை, நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரியவில்லை, என்னோடு ஒரு தடவை வந்து உட்காருங்கள்" என்று உங்களுக்கான உதவியாகக் கேளுங்கள். மாமனாரைக் கேட்பதானால், அவரைவிட மூத்த ஒருவரோ அவர் மதிக்கும் போதகரோ அந்தச் சொல்லைச் சொல்வது நல்லது. ஒரே ஒரு முறை வந்தால் போதும், பிடிக்காவிட்டால் மறுமுறை கூப்பிடமாட்டேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். யாருமே வராவிட்டால் நீங்கள் மட்டும் வாருங்கள். மற்றவர்களுக்கான நாற்காலிகளைப் போட்டுவைத்தே தொடங்கலாம்.